மஞ்சுளா அளந்த தண்ணீர்

மதகுச் சங்கிலிக்குப் பூசுகிற கிரீஸ் வாசனை மஞ்சுளாவின் பாவாடையில் எப்போதும் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து அதை முகர்ந்தபடியே நான் வயிறெரிந்துகொண்டிருப்பேன். சூளகிரிப் பக்கத்துச் சின்ன மண் அணை எங்களுடையது. அவள் அப்பா அங்கே "லஸ்கர்", அதாவது மதகைத் திறந்து மூடி அணையைக் காவல் காப்பவர். என் அப்பாவோ அணைக்குக் கீழே கொத்தமல்லி போடுகிறவர். கொத்தமல்லி வாசனையை யார் மதித்தார்கள்?

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு அடிவாரத்தில் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, முக்கோணமாக வெட்டிய இரும்புத் தகடு வழியே வழியும். தினமும் பள்ளிக்கு முன் மஞ்சுளா அங்கே இறங்கி, அளவுகோல் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள். "கசியறது தெளிவா இருந்தா பயமில்ல. கலங்கி வந்தா உள்ள மண்ணு அரிக்குதுன்னு அர்த்தம், ஓடியாந்து சொல்லணும்" என்று அவள் அப்பா சொன்னதை எங்களிடம் டீச்சர் மாதிரி ஒப்பிப்பாள். என் அம்மா வேறு, "அந்தப் புள்ளைக்கு இருக்கற பொறுப்பப் பாரு, நீயும் இருக்கறயே" என்பாள். ஒரே ஒரு நாள் அந்த அளவுகோலைக் கேட்டேன். "இது கவர்மெண்ட் வேலை, நீ தொடக்கூடாது" என்றாள்.

அணை நிரம்பியிருந்த ஓர் ஐப்பசிக் காலையில் அவளுக்கு முன்னால் போய், வாய்க்காலில் இறங்கி, அடியில் படிந்திருந்த வண்டலைக் காலால் நன்றாகக் கலக்கிவிட்டுப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். அவள் முகம் ஒரு தடவை வெளுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வெளுத்தது. "அப்பா, கலங்கிடுச்சு" என்று கத்திக்கொண்டு கரைமேல் ஓடினாள். அவரும் வந்து பார்த்துவிட்டுக் கோயில் மைக்கைப் பிடித்தார். ஆடுமாடு, அரிசி மூட்டை, கைக்குழந்தைகளோடு கீழ்த்தெரு முழுக்க மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. நடக்க முடியாத என் பெரியப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். இன்ஜினியர் ஜீப்பில் வந்து பார்த்தபோது தண்ணீர் தெளிந்து ஓடியது.

ஊர் முதலில் சிரித்தது, பிறகு திட்டியது. லஸ்கரை வேறு அணைக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போதும் மஞ்சுளா, "நான் பாத்தேன், கலங்கித்தான் இருந்துச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது அங்கே கொத்தமல்லி இல்லை. தொழிற்சாலைகளும், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வாடகை வீடுகளும் வந்துவிட்டன. என் வீடும் அவற்றுக்கு நடுவில்தான். அணை உடைந்தால் கீழே என்னென்ன போகும் என்று பார்த்துத்தான் ஆபத்து வகை குறிப்பார்களாம். அணை அப்படியே நின்றாலும் கீழே ஆள் சேரச் சேர வகை ஏறும். எங்கள் அணைக்கு வயதும் ஏறிவிட்டது. லஸ்கர் குடியிருந்த வீடு இடிந்துபோயிற்று, தகடு துருவேறிக் கிடக்கிறது, நோட்டில் எழுத ஆளில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கசிவு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருக்கும் உள்ளூர்ப் பையனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் காலத்து லஸ்கர் பொண்ணு மாதிரி ஊரைக் கிளப்பாதீங்கக்கா" என்றான். அந்தக் கதை அவனுக்கும் தெரிந்திருந்தது.

இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் வாய் திறந்தேன். "அவ பொய் சொல்லல தம்பி. அன்னைக்குக் கலக்கிவுட்டதே நான்தான்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப இன்னைக்கும் நீங்களே கலக்கிட்டு வந்து சொல்றீங்களா?"

மஞ்சுளா சொன்னபோது ஊரே நம்பி மேடு ஏறியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.