பண்டல் சோபா

எங்கள் வீட்டு சோபாவுக்கு ஆயுள் குறைவு. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பிறக்கும்; சத்தம் தெருவைத் தாண்டியதும் செத்துவிடும்.

அப்போது நல்லூரில் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கம்பெனியில் அயர்ன் போட்டார். அம்மா வீட்டிலேயே மிஷின் வைத்து டீசர்ட்டுக்கு லேபிள் தைத்தாள். நான் படிக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வாத்தியார் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

மாடியில் வீட்டுக்காரர். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஊடு குடியிருக்கத்தான் உடறனுங்க. மிஷின் கிஷின் ஓடுச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிப்போடோணும்."

அம்மாவின் தையல் நின்றால் பாதிச் சோறு நின்றுவிடும். அதனால் எங்கள் ஹால் நாள் முழுவதும் வேஷம் கட்டியது. மிஷின் ஓடும்போது டிவியைத் தரையில் வைத்து அலறவிடுவோம். யாராவது வந்தால் மிஷினின் தலையை மேஜைக்குள் மடக்கி, விரிப்பு போட்டு, டிவியைத் தூக்கி மேலே வைப்போம். டீசர்ட் பண்டல்களைச் சுவரோரம் அடுக்கி, முதுகுக்குச் சில, கைக்குச் சில வைத்துப் போர்வையைப் போர்த்தினால் சோபா. அதற்கு இன்ஜினியர் நான். வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இது மட்டும் எப்படியோ ஏறியிருந்தது.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்ததால் வேஷம் கட்ட நேரம் கிடைத்தது. உள்ளே வந்தவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக சோபாவில் உட்கார்ந்தார்.

"எந்நேரமும் டிவி பாக்கறீங்களாட்ட இருக்குது. அவருதான் என்னன்னு பாத்துட்டு வரச் சொன்னாருங்க."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் சோபாவின் ஒரு கை மெல்லச் சரிய ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் அதில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். சரிந்தது, நெளிந்தேன். மறுபடி சரிந்தது, மறுபடி நெளிந்தேன்.

"ஏலே, ஆடாம உக்காருல," என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

"சோபா மெத்துனு இருக்குது. எங்க வாங்குனீங்க கண்ணு?"

"அனுப்பர்பாளையத்துலங்க," என்றேன் நான்.

"அங்க பாத்திரமல்ல செய்வாங்க?"

"பாத்திரம் வாங்குனா சோபா சும்மா குடுத்தாங்க."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அன்றைய சோறு எனக்கு இல்லை என்று எழுதியிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

"அக்கா, பீஸ் ரெடியா?"

"அது யாரு சாமி?"

"ஐஸ் வண்டிங்க."

"அக்கோவ்! லேபிள் வெச்சாச்சா, இல்லியா?"

"லேபிள் வெச்ச ஐஸா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. சிரிக்கவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டை கட்டி எந்தத் தெருவுக்குப் போவது என்று அப்போதே யோசித்திருப்பாள்.

வீட்டுக்காரம்மா எழுந்தார். அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறு ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"அவரு கேட்டா, சோபாவுல உக்காந்து பாத்துட்டுத்தான் வந்தேன்னு சொல்லிக்கறனுங்க," என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்த டிவி மேசைய சன்னலோரமா இழுத்துப் போட்டுக்குங்க. பகல்ல வெளிச்சம் அங்கதான் நல்லா உழுகும்."

அவர் படியேறும்வரை சிரிப்பை அடக்கியது என் வாழ்நாள் சாதனை. வெளிச்சம் அடித்தால் டிவியில் படமா தெரியும்? மாடிவீடு வைத்திருப்பவருக்கு இந்த அறிவுகூட இல்லையே என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்தைப் பிடில."

"எம்மா, படம் தெரியாதும்மா!"

"பிடில, மூதி."

அதன்பிறகு பகலில் எங்கள் டிவியில் ஜன்னல் கம்பியும் என் மூஞ்சியும் மட்டும்தான் தெரிந்தன. அந்த வீட்டில் இருந்தவரை, வீட்டுக்காரம்மா படியேறும்போதெல்லாம், எங்கள் டிவியைக் கெடுத்த மகராசி என்று அவர் முதுகுக்குப் பின்னால் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தேன்.