எங்கள் லயத்துத் தொட்டியில் எதுவுமே இல்லை

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிறவன். விஞ்ஞானி இல்லை. எங்கள் பேராசிரியர், எந்த இடத்தில் எத்தனை வகை நுண்ணுயிர் வாழ்கிறது என்று பார்க்கிறவர். கை வைக்க முடியாத வெந்நீர் ஊற்று, தேயிலை மண், பண்டாரவளைச் சந்தைக் கழிவு என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் தண்ணீர்த் தொட்டியையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியது நான்தான்.

காரணம் அக்கா மகள். நான்கு வயது. அடிக்கடி வயிற்றால் போய்ப் பதுளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடப்பாள். தொட்டிக்கு மேலே மாட்டுப்பட்டி. மழை பெய்தால் தண்ணீர் பழுப்பாக வரும். தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய்ச் சொன்னால் ஆதாரம் கேட்பார். சரி, ஆதாரம் எடுத்து மூஞ்சியில் வீசலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் முன்னால் அக்காவுக்குப் போனில் கோல் எடுத்து, கெம்பஸிலிருந்து சேர் வருகிறார் என்று சொன்னேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

போய்ப் பார்த்தால் வாசலெல்லாம் கூட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பேராசிரியர் தொட்டி மூடியைத் திறந்தார். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற அக்காவைக் கேட்டேன்.

"யாருக்கா இதப் போட்டது?"

"காலையில பெரட்டுக்கு ஆள் கூடுனப்ப கங்காணி சொன்னாரு, வெளியாளுங்க வர்றாங்க, மானத்த வாங்கிறாதீங்கன்னு. நாலு பேரு எறங்கித் தேச்சோம். பாரு, அடி வரைக்கும் தெரியுது."

"அந்த அழுக்கத்தான் எடுக்க வந்தோம்!"

"அத மொதல்ல சொல்லணும். சேரு வர்றாருன்னுதானே சொன்ன? அழுக்க வச்சிக்கிட்டு யாராச்சும் விருந்தாளியக் கூப்புடுவாங்களாடா?"

யார் வந்தாலும் லயத்தைக் கழுவி விடுவார்கள். வந்தவர் நல்லதைப் பார்த்துவிட்டுப் போவார். அங்கேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

"இன்னொரு நாள் வரலாம் சேர்" என்றேன். வேன் கிடைக்காது என்று சொல்லி, அந்தத் தண்ணீரையே எடுத்தார்.

முடிவு வந்தது. கொதிக்கிற ஊற்றில் வகை வகையாக உயிர்கள். எங்கள் தொட்டியில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மரியாதைக்குத் தோட்டத்துக்கும் அறிக்கையில் ஒரு பிரதி போனது. பிளீச்சிங் போட்ட விஷயம் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. தொரை முதல் பக்கத்தை மட்டும் ஆபீஸ் சுவரில் ஒட்டினார். இப்போது யார் போய்க் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டுகிறார்.

அடுத்த மழையில் பிள்ளை மறுபடியும் வார்ட்டில். யாருக்கும் சொல்லாமல் போய் ஒரு போத்தல் பிடித்து வந்தேன். திட்டம் முடிந்துவிட்டது, இதைப் பார்க்கக் காசில்லை என்றார் பேராசிரியர். அந்தப் போத்தல் ஆய்வுகூடத்துப் பிரிட்ஜில் இருக்கிறது.

நேற்றுப் போனில் போத்தல் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்டாள், "என்னடா இருக்கு அதுல?"

"தெரியல. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடு."

"நாள் பூரா கொழுந்து பறிச்சிக்கிட்டு மலையில நிக்கிறேன். வெறகு நீ வந்து பொறுக்கித் தர்றியா?"

போனை வைத்துவிட்டாள்.