எல்லைக்காரரும் இருமல் கட்டுரையும்

அலுவலகத்தில் அவரை எல்லைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் ராணுவத்தில் இருந்து வந்தவர் என்று நினைத்துக் கொஞ்சம் விறைப்பாக நிற்பதுண்டு. அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அது ஆய்வு இதழ்கள் வெளியிடும் நிறுவனம். மீன் நோய்க்கு ஓர் இதழ், பாலங்களின் அதிர்வுக்கு ஓர் இதழ், குழந்தைகளின் தூக்கத்துக்கு ஓர் இதழ் என்று சொல்லிக்கொண்டே போனால் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றுக்கும் ‘நோக்கமும் எல்லையும்’ என்று ஒரு பக்கம் உண்டு. இதழ் எதைப் போடும், எதைப் போடாது என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை எழுதுவதும், எல்லை தாண்டி வரும் கட்டுரைகளை வாசலோடு திருப்பி அனுப்புவதும் அவர் வேலை.

எந்தத் துறையும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாத் துறைக்கும் அவரைப் போட்டிருந்தார்கள். மீனைத் தட்டில் தவிர வேறெங்கும் பார்த்திராத மனிதர், மீனின் செவுள் உள்ளே, நண்டின் செவுள் வெளியே என்று கோடு கிழித்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். திருப்பி அனுப்ப ஒரே வாக்கியம் வைத்திருந்தார்: ‘தங்கள் கட்டுரை சிறப்பானது, எனினும் எங்கள் எல்லைக்குள் வரவில்லை.’ சிறப்பானதா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தலைப்பையும் முதல் பத்தியையும் தாண்டி அவர் படித்ததில்லை. வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னாலும் அந்த வாக்கியம்தான் வரும்.

அவர் மனைவியின் தம்பி கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீடு. ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருப்பவர்கள் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், அதனால் இருமல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அவன் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். நல்ல உழைப்பு. மருத்துவ இதழ், இது நாற்காலி விஷயம் என்றது. கட்டடக்கலை இதழ், இது கணக்கு என்றது. கணித இதழ், இது மனிதர்கள் விஷயம் என்றது. சமூகவியல் இதழோ, இருமல் மருத்துவத்தைச் சேர்ந்தது என்று புறப்பட்ட இடத்துக்கே வழிகாட்டியது. ரோஷக்காரன், மாமாவிடம் சிபாரிசு கேட்காமல் தானாகவே அனுப்பியிருந்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்காவிடம் புலம்பினான். “நாலு பதில்லயும் கடைசியில ஒரே வாக்கியம்க்கா. கட்டுரை சிறப்பானதாம், எல்லைக்குள்ள மட்டும் வரலையாம். எந்த மகராசன் எழுதினானோ.”

அக்கா கரண்டியோடு நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பெயரை மறைத்துத்தான் கட்டுரைகள் தம் மேசைக்கு வரும் என்று எல்லைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பேருதானே மறைச்சிருந்துச்சு, கட்டுரையுமா மறைஞ்சிருந்துச்சு?” என்றாள் அவள்.

மனிதருக்கு உறுத்தல் தாங்கவில்லை. அந்த மாதமே இயக்குநர், பல துறைகளையும் தழுவிய புதிய இதழ் ஒன்று வேண்டும் என்றார். எல்லைக்காரர் உட்கார்ந்து, தையல்காரர் அளவெடுத்த மாதிரி, மச்சினனின் கட்டுரைக்கு ஓர் இதழைத் தைத்தார். பொது இடங்களில் காத்திருத்தல், இருக்கைத் தேர்வு, தொற்று, அவற்றின் கணக்கு. ஒரு பயம் மட்டும் இருந்தது. ஆசிரியராக வரும் பெரிய மனிதர் சொந்தச் சரக்கையே நிரப்பிவிட்டால் பையனுக்கு இடம் ஏது? அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘இதழாசிரியரின் கட்டுரைகள் இவ்விதழில் ஏற்கப்பட மாட்டா.’

இயக்குநர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் தேடினார். நாற்காலியும் இருமலும் கணக்கும் ஒருங்கே தெரிந்த ஆள் ஊர் உலகத்தில் ஒருவன்தான், அதுவும் திருப்பி அனுப்பிய கட்டுரைக் கட்டுக்குள், அகப்பட்டான். சம்பளம் கிடையாது, கௌரவப் பதவி. அவன் ஒரே மூச்சில் சம்மதித்துவிட்டு இனிப்போடு வீட்டுக்கு வந்தான். “என்னைத் தேடி வந்திருக்காங்க, மாமா.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் நிறுவனத்தின் காசில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி இயக்குநரிடம் போனார். “இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுல இந்த ஒரு வரிதான் வரி. இதை எடுத்தா நம்மள யார் மதிப்பா?” என்று அவர் கைகுலுக்கி அனுப்பினார். வேறு வழி ஒன்றுதான். மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு, “பதவிய விட்டுரு மாப்ளே. வேற யாராவது வரட்டும், உன் கட்டுரை உள்ள போயிரும்” என்றார்.

அவன் திருப்பிக் கேட்டான். “வர்றவர் எல்லைக்குள்ள வரலைன்னு திருப்பிட்டா, மாமா?”

அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வேறு யாருக்காவது வாய் வரலாம். இவர் நாலு முறை திருப்பியவர்; பதவிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

ஆண்டு முடிந்தது. கல்லூரி அவனை வீட்டுக்கு அனுப்பி, அந்த இடத்தில் வேறொரு தற்காலிக விரிவுரையாளரை வைத்துக்கொண்டது. அதே நிபந்தனைதான். இதழ் மட்டும் செழித்தது. இதழ் என்று ஒன்று இருந்தால் அதற்குத் துறையும் முளைக்கும் போலிருக்கிறது. பேருந்து நிலையத்து பெஞ்சு, வங்கி வரிசை என்று எங்கெங்கிருந்தோ கட்டுரைகள் வந்தன. அவன் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் கடைசி வரிவரை படித்தான். பகலில் டியூஷன் எடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி வராந்தா பெஞ்சுகளைப் பற்றிய, தீர்ப்புக்குத் தயாராக இருந்த ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எல்லைக்காரர் அலுவலகப் பதிவில் முன்பே பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்: எழுதியவர், அவனுடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். கட்டுரை வந்துவிட்டால் அந்த ஆளுக்கு வேலை நிரந்தரம். அவனுக்கு அந்தக் கதவு அடைபட்டது அடைபட்டதுதான். அவருக்கு வயிறு எரிந்தது. நியாயமில்லை என்று தெரிந்தேதான் எரிந்தது.

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். “எல்லைக்கு வெளியன்னு எழுதிடு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“யாரு எழுதினதுன்னு எனக்கும் தெரியும், மாமா. அந்தக் காலேஜ் வராந்தாவ எனக்குத் தெரியாதா?” என்றான் அவன். “ஆனா உள்ளதான் வருது. நல்லா எழுதியிருக்கான்.”

ஏற்பு என்று குறித்துவிட்டு அடுத்ததை எடுத்தான். எல்லைக்காரர் அந்த ஏற்புக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டாவது பத்தியைப் படிக்க ஆரம்பித்தார்.