நண்டுக் கறியும் ஒரு பள்ளமும்

பின்சீற்றில் அம்மாவின் மடியிலிருந்த நண்டுக் கறிச் சட்டியின் வாசம் காருக்குள் பரவியதும், அந்தப் பழைய கிரவல் றோட்டு எனக்கு நினைவில் வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஹைவே என்றால் பயம். ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்த றோட்டுத்தான் வடிவு" என்று சொல்லிக்கொண்டு, ஸ்காபரோவிலிருந்து விட்பியிலுள்ள சித்தப்பா வீட்டுக்கு ஞாயிறுதோறும் எங்களைச் சோளக் காட்டு வழியாகவே கூட்டிப்போவார். சக்கரத்தின் கீழே கற்கள் நொறுநொறுக்க, மாட்டுச் சாணி மணக்க, கண்ணாடியை மூடச் சொல்லி அம்மா கத்த, பின்னால் வந்த டிராக்டர்கூட எங்களை முந்திப் போக, ஓடைக்குச் சற்று முன்னால் அந்தப் பள்ளம் வரும். கார் இறங்கி எழும்பும்போது வயிறு தொண்டைக்கு வரும். நானும் தம்பியும் அதற்காகவே காத்திருப்போம். அம்மா சட்டி மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பார். ஒருமுறை பிந்திவிட்டார், குழம்பு முழுதும் சேலையில். சித்தப்பா வீட்டில் அன்று வெறும் புட்டு.

இன்று அது நாலு வழிச் சாலை. சோளம் நின்ற இடமெல்லாம் ஒரே மாதிரி வீடுகள். காரை ஓட்டுவது நான். ஓடை இருந்த இடம் நெருங்கியதும் அம்மா மூடியை அழுத்திக்கொண்டு சொன்னார்: "மெல்ல விடு பிள்ளை, பள்ளம் வருது."

"அதை மூடி எத்தினை வருசம், உமக்கென்ன விசரே?" என்று பக்கத்திலிருந்த அப்பா சிரித்தார். சிரித்தவரின் கை, கண்ணாடிக்கு மேலிருந்த பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

நான் பிரேக்கை அமத்தினேன். வயிறு தொண்டைக்கு வந்துபோனது.