ஒரே கோட்டில் கிடந்த காசுகள்

தாண்டவராயனின் கைபேசி அடித்தால் எங்கோ ஒரு கம்பெனி வாசல் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரகடத்திலும் மண்ணூர்ப் பக்கத்திலும் நுழைவாயில்களில் நிற்கிற மெட்டல் டிடெக்டர்களையும், செக்யூரிட்டி ஆட்கள் உடம்பைத் தடவிப் பார்க்கிற கைக்கருவிகளையும் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஷிப்ட் மாறுகிற நேரமாகப் பார்த்துத்தான் அந்தச் சனியன்கள் மக்கர் பண்ணும். கம்பெனி பஸ்ஸிலிருந்து கும்பல் இறங்கி வரிசையில் நிற்க, ஒன்று எல்லாருக்கும் கத்தும், இல்லையென்றால் யாருக்குமே கத்தாது. கத்தினால் தொழிலாளி திட்டுவான், கத்தாவிட்டால் மேனேஜர் திட்டுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் கருவியில் கோளாறே இருக்காது. பக்கத்தில் எவனாவது இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அதை நகர்த்தி வைத்துவிட்டு, "சரியாப்போச்சு சார்" என்று சொன்னால், இதற்கா உன்னைக் கூப்பிட்டோம் என்கிற மாதிரி அவனையே முறைப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் வேலை. ஐம்பதைத் தொட்டுவிட்ட மனிதனுக்கு அலுப்பு உடம்பில் இருந்ததைவிடக் காதில்தான் அதிகம் இருந்தது. தூக்கத்திலும் ஒரு வாசல் கத்தும், விழித்துக்கொள்வான்.

இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமையாவது காதுக்கு ஓய்வு கொடுப்பான் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். கழித்துப் போட்ட கருவிகளிலிருந்து எடுத்த சாமான்களை வைத்துத் தனக்கென்று ஒரு டிடெக்டர் செய்து வைத்திருந்தான். ஞாயிறு விடிந்தால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய காசு தேடக் கிளம்பிவிடுவான்.

"வாரம் பூரா அது கத்தறது பத்தலியா? லீவு நாள்லயும் அத்த கூட்டிகினு ஊர் சுத்தணுமா?" என்பாள் மனைவி கனகம்.

மணிமங்கலத்துப் பழங்காலக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அங்கே தோண்டினால் போலீஸ் வரும் என்று தெரியும். வெறும் பொட்டல்களாகப் பார்த்துப் போவான். கம்பெனிகள் வந்த பிறகு இந்த மண் முழுக்க போல்ட்டும் ஆணியும் வெல்டிங் குச்சித் துண்டும்தான். அதனால் இரும்பு இருந்தால் கருவி வாயைத் திறக்காதபடி செட் பண்ணி வைத்திருந்தான். இரும்புக்குச் செவிடு, செம்பு, பித்தளை, வெள்ளி என்றால்தான் குரல் கொடுக்கும். அந்த வித்தையில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது. கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் பின்மதிலுக்கு வெளியே, சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு நீளமான பொட்டல். அங்கே கருவி விடாமல் கூவியது. ராஜா தலை போட்ட காலணா, ஓட்டைக் காசு, வளைந்த விளிம்பு வைத்த பத்துப் பைசா என்று வாராவாரம் வந்துகொண்டேயிருந்தன. எல்லாம் ஒரே கோட்டில் கிடந்தன. பழைய வண்டிப்பாதையாக இருக்கும், எந்த வியாபாரியின் மூட்டையோ ஓட்டையாகி வழியெல்லாம் கொட்டியிருக்கும் என்று கதை கட்டிக்கொண்டான். அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போனால் ராஜா காலத்துக்கும் முந்தைய காசு ஒன்றாவது கிடைக்கும் என்று நம்பினான். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டு எதிர்பார்த்த விஷயம் வெகுநாளைக்குப் பிறகு அது ஒன்றுதான்.

அதற்கும் வந்தது கெடு. அந்தக் கம்பெனியின் கேட்டில் நிற்கிற உச்சிமாகாளி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சனிக்கிழமை போனில் சொன்னான்.

"அண்ணாச்சி, பொறத்தால உள்ள இடத்துல வாற திங்கக்கெழம காங்கிரீட் போடுதாவளாம். லாரி நிப்பாட்டுததுக்கு. தோண்டணும்னா நாளைக்கே தோண்டிக்கிடுங்க."

அன்று சாயங்காலம் தாண்டவராயன் அதுவரை கிடைத்த காசுகளை எல்லாம் புளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மனசு சரியில்லாவிட்டால் அவன் செய்கிற வேலை அது. கனகம் ஒரு காசை எடுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ காசு எங்கயா எடுத்தே?"

இடத்தைச் சொன்னான். ஒரே கோட்டில் கிடந்த அதிசயத்தையும் சொன்னான்.

"கோடு எங்க போயி முடியுது?"

"கரண்டு டவர் பக்கமா போவுது. ஏன்?"

கனகம் காசைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டவர் கீற எடத்துலதான் முன்ன குட்டை இருந்துது. குட்டைக்கு அந்தாண்ட சுடுகாடு. அந்த வழிக்குப் பக்கத்துக் கழனியில நானு நாத்து நட்டுருக்கேன். பொணம் வந்தா வேலைய நிறுத்திட்டுத் திரும்பி நிப்போம். பொரியும் காசும் எறச்சிகினு போவாங்க. இன்னாயா பண்ணி வெச்சிருக்கே? செத்தவங்க காசுயா இது!"

தாண்டவராயன் அந்த இடத்தை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தால்தான் அது சுடுகாட்டு வழி. அந்தப் பக்கம் இப்போது மதில். இரண்டு பனைமரம் அடையாளம், அவை போய்விட்டன. குட்டையைத் தூர்த்துவிட்டார்கள். சர்வீஸ் ரோட்டு வழியாகத் தலைமாடு கால்மாடு மாறிப் போய் நின்றவனுக்குச் சொந்த ஊர் நிலமே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன். வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று விடலாம்.

அப்புறம்தான் அவனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அந்த வழியில்தான் அவளைத் தூக்கிப் போனார்கள். கொள்ளிச்சட்டி அண்ணன் கையில். சின்ன மகன் தாண்டவராயன் முன்னால் நடந்து காசு இறைத்தான். புதிதாகக் கம்பெனி வேலைக்குப் போன நேரம். ஊரில் எல்லாரும் பைசாதான் இறைப்பார்கள். பெற்றவளைச் சில்லறையாக அனுப்பக் கூடாது என்று அவன் ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றி வைத்து இறைத்தான். "ரூபாயா எறைக்கிறான் பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. வழக்கமாகப் பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு அடித்த மழையில் ஒன்றும் வரவில்லை. காசெல்லாம் சேற்றில் புதைந்தது. அவன் அழவும் இல்லை. இறைக்கிற வேலை இருந்தது.

அந்த ரூபாய்கள் காந்தத்தில் ஒட்டுகிற எஃகு. அவன் கருவிக்கு அதுவும் இரும்புதான். முகம் தெரியாத யார் யாரோ செத்ததற்கு இறைத்த செப்புக் காசுகளுக்கெல்லாம் கூவிய கருவி, அவன் அம்மாவின் காசுகளுக்கு மேலே வாராவாரம் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிச் செட் பண்ணினவன் அவனேதான்.

"எல்லாத்தையும் அங்கியே போட்டுட்டு, தலமுழுவிட்டு வூட்டுக்குள்ள வா" என்றாள் கனகம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டாள். "அத்தையோடதும் அங்கதானே கீது?"

அவன் தலையை ஆட்டினான். ஒன்றையாவது பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வந்தால் முடியாது.

ஞாயிறு காலையில் கருவியின் செவிட்டுத்தனத்தை எடுத்துவிட்டான். உடனே மொத்த நிலமும் கத்த ஆரம்பித்தது. தோண்டினால் போல்ட். தோண்டினால் பாட்டில் மூடி, வெல்டிங் குச்சி, துருப்பிடித்த வாஷர். வெயில் ஏறியது, முதுகு விட்டுப்போயிற்று, உள்ளங்கை கொப்புளித்தது. மத்தியானத்தில் ஒருமுறை, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்தேவிட்டான். ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை. மறுபடி தோண்டினான். பொழுது சாயத் தொடங்கியபோது ஒரு போல்ட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் வந்தது. கோட்டோடு கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கருத்துப்போயிருந்தாலும் தேய்த்தால் எழுத்து தெரிந்தது.

உச்சிமாகாளி டீ வாங்கிக்கொண்டு மதிலைச் சுற்றி வந்தான்.

"பழைய காசு ஆம்புட்டுச்சா அண்ணாச்சி?"

தாண்டவராயன் கையை விரித்துக் காட்டினான்.

"இதுக்கா இம்புட்டு நேரம் தோண்டுனிய? இது இன்னமும் கடையில செல்லுமே!" என்று பையன் சிரித்தான்.

"ஏற்கெனவே செலவு பண்ணிட்ட காசுப்பா இது. எங்கம்மாவ எடுத்துகினு போவும்போது நான் எறச்சது."

உச்சிமாகாளியின் சிரிப்பு நின்றது. டீயைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். தாண்டவராயன் இரண்டு ரூபாயையும் எடுத்த குழிகளிலேயே வைத்து மண்ணைத் தள்ளினான். பிறகு பையிலிருந்த காலணாக்களையும் ஓட்டைக் காசுகளையும் கையில் அள்ளிக்கொண்டு டவர் பக்கமாக நடந்தபடி இறைத்தான். அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதான்.

இறைத்து முடித்ததும், சுடுகாட்டு வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால், முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்து நடந்தான். தோளில் மாட்டியிருந்த கருவியை அணைக்க மறந்துவிட்டான். அது வழிநெடுக மண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது.