விண்கலத்தில் யார் செத்தாலும்

அக்கா முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கைக்குட்டையில் அதை இரண்டு சுற்று சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் திணிப்பார். மைக்குக்குக் காது கூர்மை. முள் நகர்வதும் கேட்டுவிடும். பிறகு இரண்டு மிடறு வெந்நீர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளரைப் பார்த்து, கறிகாய்க் கடையில் விலை கேட்கிற குரலில் கேட்பார்.

"ம், இன்னிக்கு யாரு செத்தது?"

கப்பல் டாக்டர் என்பார் அவர். சில நாள் கேப்டனின் மகள். ஒருமுறை ஒரு கிரகமே செத்துப்போனது. அன்றைக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

வீடு திரும்ப வழி தெரியாமல் ஒரு விண்கலம் பதினேழு வருடம் தொலைக்காட்சியில் அலைந்தது. போன மாதம்தான் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வேறு மொழித் தொடர். அதற்குத் தமிழ்க் குரல் கொடுத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வசனம் பேச இருபது பேர் இருந்தார்கள், அழுவதற்கு அக்கா ஒருவர்தான். வசனம் பேசுகிறவர் அழுதால் அடுத்த வசனம் குழறிப்போகும். அதனால் விம்மல், விசும்பல், தேம்பல், மூச்சடைப்பு எல்லாம் தனியாகப் பதிவாகும். ஆண்களுக்கும் இவரேதான் அழுதார். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வார், அவ்வளவுதான். ஆண்கள் பெரும்பாலும் ஒரே மூச்சோடு நிறுத்திக்கொள்வதால் அதில் பெரிய சிரமம் இல்லையாம்.

கூடத்தில் அவருக்குப் பெயர் அழுகை அக்கா. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அழுகைகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார். ஒன்று, சேதி கேட்டதும் வருவது. குழந்தை பார்த்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மூன்று. உடல் மேல் விழுந்து கதறுவது நாலு. எல்லாம் முடிந்து வருஷங்கள் கழித்து, பீரோவில் பழைய சட்டை கண்ணில் பட்டதும் வருகிறதே, அது ஏழு. ஏழு கஷ்டம், அதை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தரமாட்டார். "நாலுல லேசா மூணு கலந்து குடுங்கக்கா" என்பார் ஒலிப்பதிவாளர். அக்காவும் கலந்து கொடுப்பார்.

"அந்தப் பச்சைத்தோல் ராணிக்கு மூணு இதயமாம்ப்பா. எந்த இதயத்துலேருந்து அழறதுன்னு டைரக்டரக் கேட்டேன். 'நடுவுல இருக்கறதுலேருந்து அழுங்கக்கா'ன்னுட்டாரு."

ராணி செத்த வாரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், தோழியிடம் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாக்கலியா?" என்று இவரையும் கேட்டாள். "எங்கம்மா, எனக்கு சீரியல் பாக்கவே நேரமில்ல" என்றார் அக்கா. பொய்யில்லை. பந்தி பரிமாறுகிறவளுக்கு எங்கே பசிக்கும்?

வீட்டில் நிலைமை வேறு. கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், எதற்கும் சீட்டு கேட்டுப் பழகியவர். "கல்யாணமான புதுசுல இவ கண்ணு கலங்கினா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இப்பல்லாம் எத்தனாம் நம்பர்னு கேட்டுட்டுப் பேப்பரப் பிரிச்சுடுவேன்." நியாயமான கோபத்தில் வருகிற கண்ணீரும் அந்த வீட்டில் நீலிக்கண்ணீர்தான். அக்கா வீட்டில் அழுவதையே விட்டுவிட்டார். வெங்காயம் கூட அவரிடம் தோற்றுப்போயிற்று.

உண்மையில் விட்டது கணவரால் அல்ல, தங்கையால்.

ஒன்பது வருஷம் முன்பு அப்பா போனார். அக்கா நேராகக் கூடத்திலிருந்து ஓடி வந்து அப்பாவின் காலடியில் விழுந்து அழுதார். கலப்படமில்லாத அழுகை. அந்த நேரம் பார்த்து யாருடைய சட்டைப் பையிலோ போன் அடித்தது. அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தினார். தலையைத் தூக்கிப் போன் வந்த திசையைப் பார்த்தார். மணி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து, அதே சுருதியில் மறுபடி ஆரம்பித்தார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அழுத தொண்டையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சாவு வீட்டில் பழமொழி யாருக்கு ஞாபகம் வரும்? பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை.

"அப்பாவுக்குமா டேக் வாங்கற?" என்றாள். "ஊர்ல இருக்கற பேய் பிசாசுக்கெல்லாம் அழுவியேக்கா, அப்பாவுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அந்த விண்கலத்தை முதல் நாளிலிருந்து விடாமல் பார்த்தவள் தங்கை. இனிமேல் அந்தச் சனியனைப் போடவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். கல்யாண வீடுகளில் இருவரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்திருக்கிறார். எடுத்து என்ன செய்ய? சமாதானம் பேசப்போய் அழுதுவிட்டால், அது எத்தனாம் நம்பர் என்று அவள் கேட்டுவிட்டால்? அந்த பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஒரே தங்கை, அப்பா அம்மாவைப் பற்றிப் பேச உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆள்.

தொடர் முடிகிற நாள் வந்தது. கடைசிப் பகுதியில் எல்லோரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். கப்பலின் சமையல் இயந்திரம் மட்டும் மிச்சம். பதினேழு வருஷமாக "உணவு தயார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத தகரப்பெட்டி. ஆளில்லாத மேஜையில் அது தட்டுகளை வரிசையாக வைக்கிறது.

"இங்க அது அழணும்கா" என்றார் டைரக்டர். "ஆனா மெஷினு. அழக்கூடாது."

"தம்பி, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஒன்றிலிருந்து ஏழு வரை கொடுத்துப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. நாலாம் நம்பர் போட்டபோது பெட்டிக்கு வாயுக் கோளாறு மாதிரி இருந்தது என்று ஒலிப்பதிவாளரே சொல்லிவிட்டார். அக்கா வெந்நீரைக் குடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு.

அம்மா செத்த மறுநாள் அப்பா இப்படித்தான் தட்டு வைத்தார். இரண்டு பெண்களும் சமையலறை வாசலில் நின்றார்கள். அப்பா அழவில்லை. மூக்கால் ஒரு மூச்சை இழுத்தார், அது பாதியில் நின்றது. மிச்சத்தை இழுத்தார். தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டார். "சாப்பிடலாம் வாங்க" என்றார்.

அக்கா மைக்கிடம் போய் அந்த மூச்சை இழுத்தார். பாதியில் நிறுத்தினார். மிச்சத்தை இழுத்துச் செருமினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார்.

"இது எத்தனாம் நம்பர்க்கா?"

"நம்பர்லாம் இல்லப்பா. இரவல்."

இன்னொரு டேக் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று டைரக்டர் கேட்டார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. கணவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போல் பார்க்கவில்லை. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தொடர் முடிந்து விளம்பரம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். ஈரக் கையோடு எடுத்தார்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தங்கை பேசினாள்.

"அக்கா... அந்தச் சமையல் மெஷினு... தட்டு வைக்கறப்போ..."

"நீ பாக்கறதில்லன்னு சொன்னே?"

"ஒருநாள் விட்டதில்லக்கா. நீ அழறதக் கேக்கத்தான் போடுவேன். அது அப்பாதானே?"

"ஒரு நிமிஷம் இரு, வச்சுடாத" என்று மட்டும் சொல்லி அக்கா போனை மேடைமேல் வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் இரண்டு சுற்று சுற்றி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.