வில்லில் பூசிய சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களின் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நழுவப் பார்த்தேன். அது விடவில்லை. "சியோ, சந்தனம் எடுங்கோ" என்று, இத்தாலியனில் மாமா முறை சொல்லி மறித்துக்கொண்டது. எடுத்தேன். சந்தன மணம் வந்தால் உங்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்கு ஒரு மான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலேர்மோ நகரில் நான் ஒரு டொத்தோரேயின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட்டுவது, துடைப்பது, உடுப்பு அழுத்துவது, சனிக்கிழமைகளில் கார் ஓட்டுவது. இந்த ஊரில் பட்டம் படித்தவர் எல்லோருமே டொத்தோரேதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மனிதர் வைத்தியர் என்று நினைத்து மாதக்கணக்காக என் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் அக்கறையாகக் கேட்டு, ஒலிவெண்ணெய் பூசு என்று ஒரு போத்தல் தந்தார். பிறகுதான் அவர் படித்தது மண்ணையும் உரத்தையும் என்று அறிந்தேன். வலி என்னவோ குறைந்துவிட்டிருந்தது.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு மான் வேட்டை. மதோனியே மலைப்பக்கம், வேலி அடைத்த தனியார் காடு ஒன்று அவருடைய சிநேகிதருக்கு இருந்தது. அங்கே போய் வில்லால் மான் அடிப்பார். வில் என்றதும் நீங்கள் சாமிப் படங்களில் பார்த்ததை நினைக்க வேண்டாம். இரண்டு நுனியிலும் கப்பி, நடுவில் குறி பார்க்கிற கண்ணாடி, நாணை விடுவதற்குத் தனியாக ஒரு விசை. கிணற்றுக் கப்பியையும் கமராவையும் சேர்த்துக் கட்டியது போல இருக்கும்.

ஒருமுறை மானோடு வந்தவர், அன்று இரவு இறைச்சியைத் தொடவில்லை. நான் குசினி துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அது புல் தின்றுகொண்டிருந்தது. நான் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. தூரத்தில் நின்று விசையை அமத்தினேன். விழுந்துவிட்டது. இது வேட்டை இல்லை, களவு."

அந்தக் கிழமையே கப்பி வில்லை விற்றுவிட்டு, பழைய முறையில் செய்த மரவில் ஒன்றை எடுப்பித்தார். வெறும் மரம், ஒரு நாண், பிடிக்கிற இடத்தில் தோல் சுற்று. வேறு ஒன்றும் இல்லை. இதால் அடிப்பதென்றால் மானுக்கு மூச்சுக் கேட்கிற தூரத்துக்குப் போகவேண்டும். தன்னைக் கண்டுபிடிக்க அதற்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்றார். "இப்படி ஒன்று, ஒரே ஒன்று அடித்துவிட்டால் போதும். அதோடு விட்டுவிடுவேன்." எப்படி அடித்தாலும் சாவது மான்தானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற வாய்க்கு அவ்வளவு துணிவு இருப்பதில்லை.

நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் அவருக்கு ஒரு மாண்டரின் தோடம்பழத் தோட்டம் இருந்தது. வைக்கோல் கட்டை அடுக்கி, சனிக்கிழமை தோறும் அங்கே பழகினார். முதல் மாதம் நாணை இழுக்கவே முடியவில்லை, விரல்கள் வீங்கிப்போயின. பிறகு இழுத்தார், வைக்கோலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அம்பு பட்டது. புல்லுக்குள் தவழ்ந்து அம்பு தேடுவது என் வேலை. ஒருநாள் ஒரு அம்பு மாண்டரின் பழத்தைத் துளைத்துக்கொண்டு மரத்தில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கி, பழத்தை உரித்து, இருவரும் பாதி பாதி தின்றோம். அந்தத் தோல் மணமும், அவர் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்ததும் இன்னும் என்னோடு இருக்கின்றன. அந்த மனிதரில் எனக்கு உண்மையிலேயே பாசம் இருந்தது. அதுதான் பிறகு வினையாகிப் போனது.

வீட்டில் அவருடைய மனைவி, சிஞ்ஞோரா, ஒரே பிடியாக நின்றுவிட்டார். அறுபது வயதில் கட்டிலுக்கு அடியில் வில் வைத்துக்கொண்டு படுப்பவரோடு தன்னால் குடும்பம் நடத்த முடியாது என்றார். டொத்தோரே என்னைப் பார்த்தார். அப்படித்தான் வில், பலேர்மோவின் சீசாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. நாணைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, யன்னல் சீலை போடுகிற தடியா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

என் மனைவி மலர் அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம், உங்களுக்குத் தெரியும். நான் அதை ஒழுங்காகக் காத்து வந்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையில் இருந்து சிஞ்ஞோரா உயிரோடு சிங்க இறால் வாங்கி வந்தால், கொதிதண்ணீரில் போடமாட்டேன் என்று குசினி மூலையில் போய் நிற்பேன். அவரே திட்டிக்கொண்டு போடுவார். மலர் வில்லைக் கண்டதும் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னத்தைக் கொண்டுவந்து வைக்கிறியள்?"

"டொத்தோரேன்ரை சாமான். கொஞ்ச நாளைக்குத்தான். நான் கொல்லப்போறேல்லை, காரைத்தான் ஓட்டப்போறன்."

"அந்த மனுசனை அங்கை கூட்டிக்கொண்டு போறது ஆர்?"

எங்கள் பெர்மெஸ்ஸோவுக்கு, இந்த நாட்டில் இருக்க விடுகிற பத்திரத்துக்கு, பொறுப்பு நின்றது அந்த மனிதர்தான். அது அவளுக்கும் தெரியும். "மாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது, என்ன" என்று தானே சொல்லிவிட்டு உள்ளே போனாள். கீழ்வீட்டு மொரீசியஸ்காரி தேவி அக்காவுக்கு வாயில் நாலு தமிழ்ச் சொல்தான் வரும், ஆனால் விரதம், தீட்டு என்றால் எங்களையெல்லாம் விற்றுவிடுவார். அவர் வந்து வில்லைப் பார்த்து, மலரின் வயிற்றைப் பார்த்து, கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்த நேரம் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்கு மலர் ஒவ்வொரு வருஷமும் என் வேலைச் சாமான்களைக் கழுவிப் படத்துக்கு முன்னால் வைப்பாள். அழுத்துகிற பெட்டி, தூசி உறிஞ்சுகிற மெசினின் குழாய், வெட்டுக்கத்தி, இத்தாலியன் அகராதி, எல்லாவற்றுக்கும் பொட்டு. அந்த வருஷம் வில்லையும் தூக்கி வைத்தாள். தேவி அக்கா மொரீசியஸில் இருந்து கொண்டுவந்து தந்த சந்தனத்தைக் குழைத்து, தோல் பிடியில் தாராளமாக அப்பினாள். நான் கற்பூரத் தட்டோடு நின்றேன். அவள் சத்தமாகவே கும்பிட்டாள்.

"அம்மாளாச்சி, இதாலை ஒரு உயிரும் போகக்கூடாது. அந்தப் பாவம் என்ரை பிள்ளையிலை விழக்கூடாது."

எனக்கு நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு வருஷமாக விரல் வீங்க வீங்கப் பழகிய மனிதர் ஒரு பக்கம், எட்டு வருஷம் காத்திருந்த பிள்ளை ஒரு பக்கம். யாருக்கென்று சொல்லாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வேட்டை. டொத்தோரே இரண்டு நாளாகக் கோப்பி குடிக்கவில்லை, சிகரெட் தொடவில்லை. மானுக்கு மணம் போகக்கூடாது என்று உடுப்புகளைக் காய்ந்த இலைகளோடு சாக்கில் போட்டு வைத்திருந்தார். என்னையும் சவர்க்காரம் போடாமல் குளித்துவிட்டு வரச் சொன்னார். நான் வில்லை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துத்தான் கொண்டு போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனமறிந்து ஒன்றும் செய்யவில்லை. தோல் சந்தனத்தைக் குடித்துவிட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அது வந்தது. தாய்னோ என்பார்கள், எங்கள் புள்ளிமானுக்குத் தூரத்துச் சொந்தம். குளிருக்கு மயிர் மாறிப் புள்ளிகள் மங்கியிருந்தன. பற்றைக்குப் பின்னால் டொத்தோரே முழங்காலில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் நான். மான் கிட்ட வருகிறது. அவர் வில்லை உயர்த்தி மெதுவாக நாணை இழுக்கிறார். உள்ளங்கை வியர்த்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிடித்தோலில் இருந்து சந்தனம் எழும்பிற்று. எங்கள் வீட்டுச் சாமியறை மணம் அந்தக் காட்டுக்குள் குப்பென்று வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. காற்று ஒருதரம் எங்கள் முதுகுப் பக்கமிருந்து மானை நோக்கி வீசியது. மான் தலையை நிமிர்த்தி, மூக்கை விரித்து, எங்கள் பற்றையை நேராகப் பார்த்தது. பிறகு அது அங்கே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மலரின் வயிறு தப்பிவிட்டது என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை. அப்போது அவர் திரும்பினார். ஏமாந்த முகத்தோடு, ஆனாலும் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "காற்று மாறிவிட்டது" என்றார். என் சந்தோஷம் அந்த இடத்திலேயே கசந்துபோனது.

திரும்பி வரும் வழியில் கோப்பிக் கடையில் நிறுத்தினோம். கோப்பையைத் தூக்கியவர் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். இது என்ன மணம் என்றார். மறைக்க மனம் வரவில்லை. பூசையைச் சொன்னேன், சந்தனத்தைச் சொன்னேன். கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"உன் மனைவி என் வில்லை வைத்துப் பிரார்த்தித்தாளா?"

"ஓம், டொத்தோரே."

"என் வீட்டில் இதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கத்தான் சிரித்தார்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. என்ன கேட்டுப் பிரார்த்தித்தாள் என்பதை அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் குளிர்காலம் அவருடைய தோள் பழுதாகிவிட்டது. இனி வில்லைத் தொடவே கூடாது என்று உண்மையான டொத்தோரே ஒருவர் சொல்லிவிட்டார். பயன்படாத வில் என்றதும் சிஞ்ஞோராவும் இறங்கிவந்தார், அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டவிட்டார். பிடித்தோலில் சந்தனக் கறை அப்படியே இருந்தது. "தூசியைத் தட்டு. அதைமட்டும் ஒருநாளும் கழுவாதே" என்று எனக்குக் கட்டளை. கிழமைக்கு ஒருதரம் அந்தக் கறைக்கு முன்னால் துணியோடு நிற்பது எனக்கு ஒரு தண்டனையாகவே இருந்தது.

மகள் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு அவர் ஒரு கூடை மாண்டரினோடு சீசாவுக்கு வந்தார். மூச்சு வாங்கப் படியேறி, மலரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என் வில்லுக்காக உங்கள் கடவுளிடம் என்ன கேட்டீர்கள் என்றார். மலருக்கு இத்தாலியன் அவ்வளவு ஓடாது.

"என்னவாம்?"

சொன்னேன். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. "ஒரு உயிரும் போகக்கூடாது எண்டுதான் கேட்டனான். உள்ளதைச் சொல்லுங்கோ." டொத்தோரே என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுடைய கை தவறக்கூடாது என்று கேட்டாளாம்" என்றேன். மனிதர் குனிந்து பிள்ளையின் காலை முத்தமிட்டார்.

எங்கள் வீட்டில் இது ஒரு பகிடிக் கதையாகிவிட்டது. ஆட்கள் வந்தால் மலர் சொல்லுவாள், நான் மான் மாதிரி மூக்கை விரித்துக் காட்டுவேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மகள் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்கு ஐந்து வயதில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போனேன். டொத்தோரே அவளை மடியில் வைத்து, சுவரைக் காட்டி, "உன் அம்மா எனக்காகப் பிரார்த்தித்த வில்" என்றார். என் மகள் பலேர்மோச் சந்தைக்காரியின் இழுவையோடு, நல்ல இத்தாலியனில், அவரைத் தாத்தா முறை சொல்லித் திருத்தினாள்.

"இல்லை நொன்னோ. அம்மா மானுக்காகத்தான் கும்பிட்டா. உங்கடை அம்பு அதிலை படக்கூடாது எண்டு."

நான் கையில் தூசித்துணியோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. "அப்படியா" என்றார். பிறகு அவளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டுப் படித்தாய் என்று கேட்டார். அடுத்த கிழமை நான் போனபோது சுவரில் ஆணிமட்டும் இருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னோடு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தோட்டத்துக் கூடை வருஷம் தவறாமல் வந்தது.

இப்போது சீசாவில் எங்கள் சனம் பாதிகூட இல்லை, பிள்ளைகளின் படிப்புக்கென்று இங்கிலாந்து போய்விட்டார்கள். தேவி அக்காவும் போய்விட்டார். மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், இந்தக் கதை எதுவும் அவளுக்கு நினைவில்லையாம். "உள்ளதைத்தானே பிள்ளை சொன்னது" என்று மலர் இன்றைக்கும் சொல்லுவாள். அவளுக்கு நிம்மதியாக நித்திரை வருகிறது.

டொத்தோரே காலமான பிறகு, வீட்டை விற்கமுன் சாமான் கட்ட சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டார். அந்தச் சுவரில் வில் இருந்த இடம் வளைந்து வெளிறிக் கிடந்தது. அப்போதுதான் வாய் திறந்து கேட்டேன். சிஞ்ஞோராவுக்கு ஆச்சரியம்.

"உனக்குத் தெரியாதா? ஒருநாள் பால்கனியில் உட்கார்ந்து, அந்தத் தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஒரு காலை முழுக்க. பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டார்."

மணம் முழுவதும் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.